மூன்று சர்வர், ஒரு கல்யாணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் எங்கள் முதலாளி மகனுக்கு நிக்காஹ். கம்பெனியே திரண்டு போய் பிரியாணி சாப்பிட்டது. பந்தியில் உட்காராதவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்டெல்லா. இன்னொருவர்... வேறு யார், நான்தான்.

காரணம், டேட்டாபேஸ்.

எங்கள் லெதர் கம்பெனியின் ஸ்டாக், ஆர்டர், பேக்கிங் எல்லாம் ஒரே டேட்டாபேஸில். ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. வேலூர் ஆபீஸ், ஆம்பூர் ஷூ யூனிட், பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி — மூன்று சர்வர்களில் பிரித்து வைத்திருக்கிறோம். புது வெர்ஷன் ஏற்றுவதானால் மூன்றையும் ஒன்றாக நிறுத்தி, மூன்றிலும் ஏற்றி, ஒன்றாகக் கிளப்ப வேண்டும். ஒன்று மட்டும் பழசாக நின்றால் மற்ற இரண்டும் அதோடு பேசாது. (எங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான். பழைய வெர்ஷன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?)

பேரணாம்பட்டில் வெள்ளிக்கிழமை லீவு. வேலூரில் ஞாயிறு. ஆம்பூரில் ஷிப்மென்ட் இருந்தால் லீவே கிடையாது. மூன்று ஊரும் ஒன்றாகக் கீபோர்டிலிருந்து கையை எடுக்கும் நாள் எது? முதலாளி வீட்டுக் கல்யாணம்! கண்டுபிடித்தது நான். ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே நடமாடினேன்.

முதலாளி ஒத்துக்கொண்டார், ஒரு கண்டிஷனோடு. "திங்கக்கெழம காலைல கன்டெய்னர் கிளம்பணும். பேக்கிங் லிஸ்ட் வரலைன்னா எனக்குக் கம்ப்யூட்டரே வேணாம். ஸ்டெல்லா பழையபடி டைப்ரைட்டர்ல உக்காரட்டும்."

ஸ்டெல்லா டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவர். ஆபீஸ் விட்டதும் கிளாஸுக்குப் போய்ப் படித்து, டேட்டாபேஸ் பொறுப்புக்கு வந்தவர். அவர் முகம் ஒரு கணம் வாடியது. "ஏறிடும் சார்," என்றார்.

ஞாயிறு காலை. வேலூர் சர்வரை ஸ்டெல்லா முடித்தார். ஆம்பூரை நான் முடித்துவிட்டு, கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது பிரியாணி வாசனைக்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பேரணாம்பட்டு போனேன். கையில் புது வெர்ஷன் சிடி. எதிரே பூட்டு.

டேனரி ஆபீஸ் இன்சார்ஜ் அன்வர் பாய்க்குப் போன் போட்டேன்.

"சாவியா? எங்கிட்டதான் சார் இருக்குது, பத்திரமா! ஆளே இல்லாத ஆபீஸைத் தொறந்து போட்டுட்டு வந்தா பேஜாராயிடும்ல?"

"எங்க இருக்கீங்க பாய்?"

"பந்தியில. நீங்க இன்னா சார், இன்னும் வரல? மட்டன் கம்மியாயிட்டே போவுது!"

எல்லாரும் ஒன்றாகக் கிளம்பிப் போகும் நாளைத் தேடிப் பிடித்தவனுக்கு, சாவியும் கூடவே போகும் என்று தோன்றவில்லை பாருங்கள்!

இரண்டு சர்வர் புதுசு, ஒன்று பழசு. மூன்றுமே படுத்துக் கிடந்தன. பேக்கப் இருந்தது. ஆனால் அதைத் திரும்ப ஏற்றி முடிக்கத் திங்கள் சாயங்காலம் ஆகும். கன்டெய்னர் நிற்குமா?

"சாவி கல்யாணத்துக்குப் போயிருக்கும்மா," என்றேன் ஸ்டெல்லாவிடம்.

போனில் சிரிப்பு. "சாப்ட்டுட்டு வரட்டும் சார். நான் இங்கதான் இருக்கேன்."

அன்வர் பாய் சாப்பிட்டு முடிக்கவில்லை. பாதியில் எழுந்து, ஷெர்வானியோடு பைக்கில் பறந்து வந்தார். ஒரு கையில் சாவி, ஹேண்டில்பாரில் டிபன் கேரியர். சிடி தன் வேலையைப் பார்க்க, நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். எனக்குத் தெரிந்து, பிரியாணி வாசனையில் அப்கிரேட் ஆன முதல் சர்வர் அதுதான்.

சாயங்காலம் மூன்றையும் கிளப்பினோம். போனில் ஸ்டெல்லாவின் குரல் துள்ளியது. "மூணும் பேசுது சார்!"

மிஷின்களை நிறுத்த ஒரு கமாண்ட் போதும். மனுஷர்களை ஒன்றாக நிறுத்தத்தான் பிரியாணி தேவைப்படுகிறது.

திங்கள் காலை பேக்கிங் லிஸ்ட் பிரிண்டரிலிருந்து இறங்கியது. முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஸ்டெல்லாவையும் பார்த்தார். "அந்த டைப்ரைட்டரை யாருக்காவது குடுத்துடும்மா."

அடுத்த வெர்ஷன் சீக்கிரமே வரப்போகிறதாம். அவசரமில்லை... முதலாளியின் இரண்டாவது மகன் இப்போதுதான் எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறான்.