ஜொரம் வந்த வண்டி

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே என் பழைய ஆட்டோமேட்டிக் கார், கியர்பாக்ஸ் சூடேறி நின்றுவிட்டது. பின்னால் புதுக்காரில் வந்த மனைவியின் தம்பி இறங்கிவந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னா மாமா, வண்டிக்கு ஜொரம் அடிக்குது. ஈரத்துணி போட்டு வுடு."

இரண்டு வண்டியிலும் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான்.

அவன் வாயை அடைக்கவே கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் தேடினேன். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பெரிய கூலர் மலிவாகக் கிடைத்தது. ஆனால் செத்த கியர்பாக்ஸின் இரும்புத்தூள் அதற்குள் தங்கியிருந்தால் என் வண்டியையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடும். பழிவாங்கக் கிளம்பியவன் ஆயுதத்தைக் காயலான் கடையில் வாங்கலாமா? கைக்கு எட்டிய விலையில், சிறியதாக, புதியதாக ஒன்றை வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினேன்.

போன வாரம் அவன் கார் சர்வீசுக்குப் போனதால் என்னோடு வந்தான். அதே சாலை, அதே லாரிகள். புதுக் கூலர் புண்ணியத்தில் வண்டி சூடேறாமல், அசராமல் ஊர்ந்தது. நான் ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். மணலி ஆலைகளின் அனல்காற்று உள்ளே வந்தது.

"இன்னா மாமா, வேர்த்து ஊத்துது!"

"ஏசி போட்டா வண்டிக்கு ஜொரம் வந்துடும் மச்சான். ஈரத்துணி வேணுமா?"

திருவொற்றியூர் வரைக்கும் நானும்தான் வெந்தேன். ஆனாலும் அந்தக் காரில் அவ்வளவு குளுகுளுவென்று நான் ஒருநாளும் போனதில்லை.