ஸ்டாப்வாட்ச் அக்கா

கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சின் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுத்தான் அவள் எதையுமே பார்க்கத் தொடங்குவாள். லிஃப்ட் கதவு மூடப் பதினோரு விநாடி. மருந்துக் கவுண்ட்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்க நாற்பது விநாடி. ஒருநாள் தன் கொட்டாவியையே அளந்துவிட்டாள்: ஒன்பது விநாடி. அதைப் பார்த்து வரவேற்பறைப் பெண் கொட்டாவி விட, அவளைப் பார்த்துக் காவலாளி விட, மூன்று மாடி ஏறிப்போய் ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான் அந்தக் கொட்டாவி நின்றது என்பார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு ‘ஸ்டாப்வாட்ச் அக்கா’ என்றுதான் பெயர்.

நிர்வாகப் பயிற்சி, ஒரு வருஷம். இரண்டு மாதத்துக்கு ஒரு பிரிவு. படுக்கை ஒதுக்கீடு, மருந்துக் கிடங்கு, சலவை எல்லாம் சுற்றிக் கடைசியாக ரத்தப் பரிசோதனை அறை. எங்கேயும் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. விளையாட்டு மூலையில் கிடக்கும் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்து எழுதுவாள். கழுத்து அட்டையில் வியர்வை பட்டுப் பட்டுப் பெயர் மங்கிவிட்டது. ‘பயிற்சி’ மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

வீட்டில் அம்மாவுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை.

“ஊசி போடத் தெரியாது, மருந்து எழுதத் தெரியாது. அங்க என்னதாண்டி பண்றே?”

“பாக்கறேம்மா. எது எப்படி நடக்குதுன்னு.”

“பாக்கறதுக்குச் சம்பளம்னா எதிர்வீட்டுக்காரி இந்நேரம் கோடீஸ்வரி ஆகியிருப்பாளே!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவாள்.

ரத்த அறை வாசலில் வரிசை நீளுகிறது என்பது நிர்வாகியின் தலைவலி. “ஒரு குழந்தைக்குப் பதிமூணு நிமிஷமா? யானைக்கா ரத்தம் எடுக்கறாங்க? ஆறு நிமிஷம் போதும்னு வெள்ளிக்கிழமை ஓர் அறிக்கை குடும்மா, கணக்கோட” என்றார். கொடுத்தால் இங்கேயே வேலை நிச்சயம். கொடுக்காவிட்டால் அட்டையில் மிஞ்சியிருக்கும் ‘பயிற்சி’யும் போய்விடும்.

அந்தப் பதிமூன்று நிமிடத்துக்குக் காரணம் ரத்த அறை சிஸ்டர். குழந்தை தானாகக் கையை நீட்டும்வரை அந்த அம்மாள் ஊசியைத் தொடுவதில்லை. அதுவரை பேச்சுதான்.

“வாம்மா கடிகாரம்! நான் மூச்சு விடறதையும் எண்ணிக்கோ.”

“கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். பேச்சு மட்டும் எட்டு நிமிஷம் போகுது.”

“பேசாம எடுத்தா அமுக்கிப் பிடிக்க ஆள் வேணும். நீ வர்றியா?”

போனவாரம் சிஸ்டர் லீவு போட்ட அன்று அவளே பிடித்தாள். வேறொரு நர்ஸ், ஐந்தே நிமிடம், மூன்று குத்து. பையன் கடித்த தடம் மணிக்கட்டில் இன்னும் ஆறவில்லை. அவளுடைய படிவத்தில் நிமிடத்துக்குக் கட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை.

வியாழக்கிழமை. ரத்த அறையின் கணக்கு மொத்தமும் ஸ்டாப்வாட்சுக்குள்ளேயே கிடந்தது. படிவத்தில் ஏற்ற வேண்டும், வேண்டும் என்று அலுப்பில் தள்ளிப்போட்டிருந்தாள். உள்ளே ஐந்து வயதுப் பெண் ஒருத்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் ஆயிற்று. சிஸ்டரின் பேச்சே வற்றிவிட்டது.

“நீட்டுடி, மானத்த வாங்காத. வெளிய எத்தனை பேர் நிக்கறாங்க பாரு” என்றாள் தாய்.

சிறுமியின் கண் தாயிடம் இல்லை. “அது என்னது?”

“நேரம் பாக்கறது” என்றாள் ஸ்டாப்வாட்ச் அக்கா.

“யாரோட நேரம்?”

அவளை இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கொஞ்சம் யோசித்து, “உன்னோடதுதான்” என்றாள்.

“அப்ப எங்கிட்ட குடு.”

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, முன்னால் வந்த ஒரு கையில் ஸ்டாப்வாட்சை வைத்தாள். சற்றுப் பொறுத்து, மற்றக் கை தானாக மேஜைமேல் ஏறியது.

ஊசி இறங்கும்போது, அந்தச் சின்னக் கட்டைவிரல் எல்லாப் பொத்தான்களையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே சேர்த்துவைத்திருந்த எண்கள் ஒவ்வொன்றாக அழிந்து, கடைசியில் சுழியங்கள் மட்டும் மின்னின. ஸ்டாப்வாட்ச் அக்கா எட்டிப் பிடுங்கவில்லை. கயிறு தரையில் புரளாதபடி அதன் நுனியை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.