பூசைக்குக் கறுப்புக் கண்ணாடி

கொர்னேலியஸுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போன வருடம் மகள் ஜோனிட்டா தன் ஈரலில் பாதியைக் கொடுத்து அவரைக் காப்பாற்றியிருந்தாள். இப்போது உடம்பெல்லாம் அரித்தது, கண் மஞ்சளாகிவிட்டது. மனிதர் நேரே டாக்டரிடம் போகவேண்டியதுதானே? போகவில்லை. பச்சிலை எதுவும் ஆகாது என்று டாக்டர் எச்சரித்திருந்தும், வேலியோரக் கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். செங் என்ற ஊரிலுள்ள தன் வீட்டுக்குள் சொறிந்துகொண்டே நடந்தார். ஞாயிறு பூசைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு போனார்.

தேவாலய வாசலில் ஜோனிட்டா அதைப் பிடுங்கினாள்.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"நீ குடுத்தது கெட்டுப்போச்சுன்னு நீ நினைச்சிடக் கூடாதுல்ல..."

அவள் அவரைக் காரில் ஏற்றி நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். புது ஈரலின் பித்தக்குழாயை அவருடைய குழாயோடு தைத்த இடம் சுருங்கி, பித்தம் தேங்கியிருந்தது. வாய்வழியே கருவியை விட்டு, அங்கே பித்தம் வடியச் சின்ன ஸ்டென்ட் குழாய் ஒன்றை வைத்தார்கள்.

சில நாளில் அரிப்பு அடங்கியது. கொர்னேலியஸ் மெல்லக் கேட்டார்: "அப்போ ஈரல் நல்லாத்தான் இருக்கா?"

"அது நல்லாத்தான் இருக்கு லா. கூடவே கொஞ்சம் மூளையும் குடுத்திருக்கணும், மறந்துட்டேன்."