காளீஸ்வரி சித்தி பேர் சொன்னால்

போடியில் என் சித்தி காளீஸ்வரியின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆசையாகக் கேட்டவர்கள்தான் குறைவு.

உள்ளூர் கேபிள் சேனலில் அவள் செய்தி வாசிக்கச் சேர்ந்தபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள், ஏலக்காய் என்ன விலைக்குப் போனது, கோயிலில் கொடியேற்றம் என்றைக்கு, எல்லாம் அவள்தான் சொல்வாள். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது செய்தி முடிந்ததும் வருகிற மரண அறிவிப்பை மட்டும்தான்.

அதற்கென்று அவளிடம் ஒரு முறை இருந்தது. இறந்தவரின் பேரை முழுசாகச் சொல்லி, 'அவர்கள்' என்று சேர்த்து, ஒரு மூச்சு நிறுத்துவாள். அந்த மூச்சில் வீடுகளில் பாத்திரம் உருள்வது கூட நின்றுவிடும். பிறகுதான் யாருடைய கணவர், யாருக்குத் தகப்பனார், எப்போது எடுக்கிறார்கள் என்பதெல்லாம். உறவுமுறையில் அவள் பிசகியதே இல்லை. துக்க வீட்டுக்காரர்கள் காரியம் முடிந்ததும் தேடி வந்து, "நல்லபடியா சொன்னத்தா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கல்யாண வீடுகளில் கதை வேறு. பந்தியில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"வா காளி, வயிறு நெறையச் சாப்பிடு. என் பேரை மட்டும் வாசிச்சிறாத."

"ஒங்க பேரு ரொம்ப நீளம் மாமா. ஒரே மூச்சுல வராது. அதுக்குப் பயந்துதான் ஒங்கள விட்டு வச்சிருக்கேன்."

பந்தியே சிரிக்கும், சித்தியும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் மட்டும் சொல்வாள்: "சின்னப் பிள்ளைக கூட என் குரலைக் கேட்டா அம்மா மடியில ஏறி ஒக்காந்துக்குதுகளாம்க்கா. ஒருத்தராவது என் குரலைக் கேட்டுட்டுச் சந்தோசமா எந்திரிக்கணும்."

எல்லார் கைக்கும் போன் வந்த பிறகு கேபிள் சேனல் படுத்துவிட்டது. அதை நடத்திய ஜக்கையன் அதே மாடி அறையில், போனிலேயே கேட்கிற மாதிரி ஒரு வானொலி ஆரம்பித்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த சித்தி கேட்டு வாங்கியது விடிகாலை நிகழ்ச்சியை. சிலமலை, பொட்டிபுரம் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகிற நேரம் அது. ஜீப்பிலிருந்தே போன் போட்டு நாலு வார்த்தை பேசலாம், பாட்டுக் கேட்கலாம். கீழே வீட்டில் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு மாசம் பாப்போம்க்கா. ஆளுக போன் போடலைன்னா பாட்டை மட்டும் ஓட விட்டுருவேன்" என்றார் ஜக்கையன்.

நானும் கேட்பேன், சிங்கப்பூரில் வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டு. காரணம் என் அம்மா செல்லத்தாய். பணம் அனுப்புகிறேன், வேலைக்குப் போகாதே என்று எத்தனை தரம் சொன்னாலும், "சும்மா ஒக்காந்தா கைகாலு மரத்துப்போகும்டா" என்று அதே ஜீப்பில் ஏறிவிடுவாள். அந்த மலைப்பாதையில் ஒரு கல் உருண்டது என்று எங்காவது படித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

முதல் நாள் சித்தி பட்டுச்சேலை கட்டி, கொண்டை போட்டு, பவுடர் பூசிக்கொண்டு போனாள்.

"அக்கா, இதுல ஒங்கள யாரும் பாக்க மாட்டாகளே" என்றார் ஜக்கையன்.

"எனக்குத் தெரியும்ல, நான் எப்படி இருக்கேன்னு. நீ சோலியப் பாரு."

முதல் அழைப்பு வந்தது. "நேயர்களுக்கு வணக்கம். பொட்டிபுரத்தைச் சேர்ந்த மொக்கச்சாமி அவர்கள்..." என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினாள்.

"ஏத்தா, நான் உசுரோடதான் இருக்கேன்! வெரசா மிச்சத்தையும் சொல்லு!" என்று கத்தினார் மொக்கச்சாமி. ஜீப்பே குலுங்கிச் சிரித்தது எனக்கும் கேட்டது. ஆனால் அதற்குப் பிறகு அழைப்புகள் குறைந்துபோயின. சித்தி வாயால் பேர் வருவதற்குப் பயம். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தாளாம். நாக்கு அந்த மூச்சுக்குப் பழகிக் கிடந்தது.

தங்கச்சியின் நிகழ்ச்சிக்குப் போன் வராமல் போய்விடக் கூடாதென்று, ஐப்பசி மழையில் ஒரு நாள் அம்மாவே ஜீப்பிலிருந்து போட்டாள்.

"வணக்கம். நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"ஏண்டி காளி, என்னமோ அசலூர்க்காரிகிட்டக் கேக்குற மாதிரி கேக்குற? ஒங்க அக்காடி. இங்க பாரு, டிரைவருக்கு வைப்பரு ஓடல, கையில தொடச்சுக்கிட்டே..."

அதோடு குரல் அறுந்தது.

போடிமெட்டுப் பாதையில் வளைவில் திரும்பினால் சிக்னல் போகும், அடுத்த வளைவில் வரும். தினமும் நடப்பதுதான். ஆனால் மைக் முன்னால் சத்தமில்லாமல் இருப்பதை விடப் பெரிய குற்றம் வாசிப்பவர்களுக்குக் கிடையாது. சித்தியின் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"சிலமலையைச் சேர்ந்த செல்லத்தாய் அவர்கள்..."

ஒரு மூச்சு.

"...தற்போது தொடர்பில் இல்லை."

ரயில் கம்பியை விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். அம்மாவுக்கு அடித்தேன், போகவில்லை. அப்பாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? கட்டிய கைலியோடு டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் மலையடிவாரத்து முந்தலுக்குப் பறந்துகொண்டிருந்தார். அங்கே சோதனைச் சாவடியில் அவர் நின்று அழுதபோது, அடுத்த வளைவு தாண்டிய அம்மா அவருடைய போனுக்கே கூப்பிட்டு, "சோத்துச் சட்டிய மூடி வச்சீகளா?" என்று கேட்டிருக்கிறாள்.

அப்பா நேராக ஜக்கையனின் மாடிக்குப் போனார்.

"ஏ காளி! என் பொண்டாட்டி வளைவுல திரும்புனா. நீ அவளுக்கு மாலை வாங்க வச்சுட்டியே!"

"மச்சான்... எனக்கு வேற மாதிரி வரலையே மச்சான்." சித்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெளியே திட்டுவதற்கு இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஜக்கையன் மெதுவாகச் சொன்னார், நாளையிலிருந்து பாட்டு போதும் என்று. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் குடு ஜக்கையா" என்று சித்தி கெஞ்சி வாங்கினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து இறங்கிய அம்மா, ஏலக்காய்ச் செடியின் ஈரம் காயாத சேலையோடு வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள்.

"நான் செத்தா நீ எப்படி வாசிப்பன்னு உசுரோட தெரிஞ்சுக்கிட்டேன்டி. நல்லாத்தான் இருந்துச்சாம், பின்னால வந்த ஜீப்புல கேட்டவளுக சொல்றாளுக."

சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "ஒன்னைய நான் வாசிக்கவே மாட்டேன்க்கா."

மறுநாளும் மழை. அம்மா மறுபடி போன் போட்டாள், பேசினாள், வளைவு வந்தது, குரல் போனது.

வானொலியில் ஒன்றுமே கேட்கவில்லை. கீழே எத்தனை வீடுகளில் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார்களோ. ஜக்கையன் பாட்டுப் போடுகிற பொத்தானில் விரலை வைத்துவிட்டாராம்.

பிறகு ஒரு குரல் வந்தது. மைக் முன்னால் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து சித்தி ஒளித்து வைத்திருந்த குரல், வீட்டில் எங்களிடம் பேசுகிற குரல்.

"போயிட்டா... வளைவுக்குள்ள போயிட்டா எங்கக்கா. மச்சான், வண்டிச் சாவியக் கீழ வைங்க, இந்தா வந்துருவா. டிரைவர் அண்ணே, முக்குல ஹாரனை அடிச்சுத் திரும்புங்க. இவ ஜீப்புல என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். வெத்தலைய மடிச்சுப் பக்கத்துல இருக்கவ வாயில திணிச்சுக்கிட்டு இருப்பா. நேத்து இவ வீட்டுல கருவாட்டுக் கொழம்பு. நான் அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கேன், கூடப் பிறந்தவளுக்கு ஒரு கிண்ணம் கொண்டாருவோம்னு தோணுச்சா? வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றா..."

கரகரவென்று ஒரு சத்தம். அடுத்த வளைவில் அம்மாவுக்குச் சிக்னல் வந்துவிட்டது.

"யாருடி வெறுங்கையோட வந்தது? தூக்குவாளிய ஒன் அடுப்புகிட்ட வச்சுட்டுத்தான வந்தேன்! அழுத கண்ணுக்குத் தெரியலையா?"

ஜீப்பில் பெண்கள் சிரிக்கிற சத்தம். யாரோ ஒருத்தி, "காளியக்கா, பூனை தின்னுருக்கும், போய்ப் பாருங்க" என்றாள். இன்னொரு ஜீப்பிலிருந்து அழைப்பு வந்து காத்து நின்றது.

நேரம் முடிந்துவிட்டது, விளம்பரம் போடணும் என்று ஜக்கையன் சைகை காட்டினாராம். சித்தி அவர் கையைப் பொத்தானிலிருந்து தட்டிவிட்டிருக்கிறாள்.

"இரு ஜக்கையா. அவ இன்னும் எறங்கலைல."