கொடியில் கிடந்த ஈரச் சாறம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்தைப் பெட்டிசக் கந்தோர் என்றுதான் சொல்வார்கள். அரசாங்க உத்தியோகத்தர்கள் மேல் சனங்கள் எழுதிப்போடும் பெட்டிசங்களை விசாரித்து, உண்மையா பொய்யா என்று கொழும்புக்கு அறிக்கை அனுப்புவது எங்கள் வேலை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்களுக்கு அந்தக் கொண்டாட்டத்துக்குச் சம்பளமும் தந்தார்கள். கிராமத்து அதிகாரியான விதானையார் அடுத்தவன் காணிக்குள் வேலி அரக்குகிறவனுக்குத் துணைபோகிறார், தபாற்காரர் கடிதத்தை உடைத்துப் படிக்கிறார், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் சீனியில் கை வைக்கிறார் என்று நாள்தோறும் வரும். பாதிக்கு மேல் மொட்டைப் பெட்டிசம். எழுதினவருடைய பெயர் இருக்காது, கோபம் மட்டும் இருக்கும்.

நான் அங்கே விசாரணை உதவியாளர். பெயர்தான் பெரிது. விசாரணை அதிகாரியோடு போவது, அவர் கேட்கிற கேள்விக்குச் சாட்சி சொல்கிற பதிலை எழுதுவது, எழுதியதைச் சாட்சிக்குத் திரும்ப வாசித்துக் காட்டுவது, கையெழுத்து வாங்குவது, பிறகு கந்தோருக்கு வந்து கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி தட்டச்சடிப்பது. பெண்களை விசாரிக்கும் இடத்துக்கு ஒரு பெண்ணும் போகவேண்டும் என்று ஒழுங்கு இருந்தது. ஆகவே தீவு, கடல், வெயில் எல்லாம் என் தலையில்தான் விழும்.

எண்பத்துநான்காம் ஆண்டு. எனக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள். அனலைதீவு விதானையார் மேல் ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்தது. புருசன் உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை விதவை என்று எழுதிக்கொடுத்துப் பிச்சைச் சம்பளம் எடுத்துக்கொடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அரசாங்கம் கதியற்றவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற உதவியைத்தான் எங்கள் ஊரில் அப்படிக் கூசாமல் சொல்வோம். 'அவளுடைய வளவுக் கொடியில் ஆம்பிளை அரையில் கட்டுகிற சாறமும் சேட்டும் காய்வதை வந்து பாருங்கள், வாசலில் செருப்பைப் பாருங்கள்' என்று பெட்டிசத்தின் கடைசியில் எழுதியிருந்தது.

ஊர்காவற்றுறை வரைக்கும் பஸ். அங்கிருந்து வள்ளம். கடற்படைப் படகு தூரத்தில் தெரிந்ததும் வள்ளத்திலிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அது தன்பாட்டில் போனபிறகுதான் ஒருவர் இருமினார். விசாரணை அதிகாரி கோப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன், ஆனால் நூல் பிடித்த மாதிரி நடப்பவர். விசாரிக்கப்போகிற ஊரில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருவார். எனக்கும் அதே சட்டம்.

பெட்டிசம் சொன்னது அச்சொட்டாக இருந்தது. பனையோலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தபோதே கொடியில் நீலக்கோட்டுச் சாறம் ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தது. பக்கத்தில் வெள்ளைச் சேட்டு. வாசலில் ஆண் செருப்பு. வேலிப் படலையைத் திறந்த பெண்ணுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நெற்றியில் குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி.

"பொட்டு இருக்குது. எழுதும், பிள்ளை," என்றார் அதிகாரி மெதுவாக.

நான் எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முந்தானையைத் தட்டுகிறவள்போல உள்ளே போய், கதிரைமேல் கிடந்த இன்னொரு சேட்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கழுத்துப் பட்டியில் வியர்வை. நேற்று முந்தநாள் வியர்வை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரே சந்தோசப் புளுகம். நான் அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன். பொய் சொல்கிறவர்களைக் கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

விதானையாரைப் படலைக்கு வெளியே நிற்கச் சொல்லியாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் காதுபட வாக்குமூலம் எடுக்கக் கூடாது. அவர் ஒரு பனையின் ஒற்றை நிழலில் குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடி நின்றார்.

"உமது புருசன் எங்கை?" என்றார் அதிகாரி.

"கடைக்குப் போனவர், ஐயா."

"எந்தக் கடைக்கு?"

"தெற்கிலை. சிங்கள ஊரிலை எங்கட ஆக்களின்ர கடை. அங்கைதான் வேலை. போன வருசம் ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வரேல்லை. காங்கேசன்துறைக்குக் கப்பலிலை சனம் வந்து இறங்கினது தெரியும்தானே. கடைசிச் சனம் இறங்கும் வரைக்கும் நிண்டு பாத்தனான்."

"அப்ப இந்தச் சாறம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தாள். "அது நான் தோய்ச்சுப் போடுறது. நானும் பிள்ளையும் தனிய இருக்கிறம். ஆம்பிளை இல்லாத வீடு எண்டு தெரிஞ்சால் படலை எத்தினை நாளைக்கு நிக்கும்? கடலாலை வாறவைக்கும் தெரியட்டும், ஊருக்கை இருக்கிறவைக்கும் தெரியட்டும். காஞ்சபடியே கிடந்தால் நாலாம் நாள் கண்டுபிடிச்சிடுவினம், ஐயா. நனைச்சு நனைச்சுத்தான் போடவேணும்."

"சேட்டிலை வியர்வை மணக்குதே, அக்கா," என்று நான் விடாமல் கேட்டேன்.

"அது என்ர வியர்வை, தங்கச்சி. விறகுக்குப் போகேக்கை போடுறனான். பனை மட்டை கையைக் கிழிக்கும்."

எனக்கு முகம் கறுத்துப்போனது. எங்கள் வீட்டு வேலியடைக்க வருகிற பெண்களும் சட்டைக்கு மேல் ஆண் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அது தெரிந்திருந்தும் மூக்கை நம்பிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வீட்டில் ஆண் இல்லை, பெட்டிசம் பொய் என்று எழுதிவிட்டு வள்ளம் ஏறியிருப்போம். ஆனால் அதிகாரி கோப்பைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனார்.

"விதானையார் உமது புருசன் இறந்துபோனார் எண்டு எழுதித் தந்திருக்கிறார். அவர் இறந்துபோனாரோ?"

"இல்லை, ஐயா."

"உயிரோடை இருக்கிறாரோ?"

"தெரியாது, ஐயா. வருவார்."

அதிகாரி பேனையை மூடினார். அவர் கொடுமைக்காரர் இல்லை என்பதை இப்போதும் சொல்லுவேன். குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி விளங்கப்படுத்தினார். இறந்தார் என்று அவள் சொன்னால் விதானையார் எழுதியது சரி, உதவிப்பணமும் நிற்காது. தெரியாது என்று சொன்னால் விதானையார் எழுதியது பொய். அவருடைய வேலை போகும், அவளுக்கு வருவதும் நிற்கும். காணாமற்போனவர் என்று எழுத எங்களிடம் அப்போது இடமில்லை.

"அந்த மனுசன் எங்களுக்கு நல்லது செய்யப்போனது," என்றாள். படலைப் பக்கம் பார்த்தாள். "அடுப்பு மூட்டாத வீடு எண்டு கேள்விப்பட்டுத் தானா வந்தவர். நான் கேட்கேல்லை. இதிலை கையெழுத்தை வையும், பிள்ளை, மிச்சத்தை நான் பாக்கிறன் எண்டவர். அவருக்குக் கலியாணமாகாத மூண்டு குமர் இருக்குது."

"அப்ப சொல்லும்."

"செத்ததை ஆரும் கண்டவையோ, ஐயா?"

"இல்லை."

"அப்ப நான் மட்டும் என்னெண்டு சொல்லுறது?"

கொடியிலிருந்து சொட்டிய தண்ணீரைக் கோழி ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அவள் வெகுநேரம் விதானையாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலை நிமிரவில்லை. பிறகு அவள் சீலைத் தலைப்பை எடுத்து நெற்றிப் பொட்டை அழித்தாள். ஒருமுறை துடைத்துப் போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடி துடைத்தாள். பொட்டோடு அதைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கவேண்டும்.

"எழுதுங்கோ, தங்கச்சி. செத்துப்போனார்."

எழுதினேன். பேனை ஓடியது. அடுத்ததாக வந்ததுதான் என் வேலை. வாக்குமூலத்தைச் சாட்சி சொன்னபடியே, தன்னிலையில், உரத்து வாசிக்கவேண்டும். அதற்கு முன் எத்தனையோ பேருடையதை வாசித்திருக்கிறேன். சீனி திருடியவருக்காக 'நான் திருடவில்லை' என்றும், வேலி அரக்கியவருக்காக 'நான் அரக்கவில்லை' என்றும் கூச்சமில்லாமல் வாசித்த வாய். அன்றைக்குப் புதுத் தாலியோடு அந்த வாசலில் உட்கார்ந்து, "எனது கணவர் இறந்துவிட்டார்" என்று வாசித்தேன்.

வாய்முகூர்த்தம் பலிக்கும் என்று எங்கள் ஆட்கள் பகிடிக்குக்கூடக் கெட்ட சொல் சொல்லமாட்டார்கள். அதை நான் முணுமுணுப்பாகத்தான் வாசித்திருந்தேன். அதிகாரி சத்தம் போதாது என்பதுபோலத் தலையை ஆட்டினார். சாட்சிக்குக் கேட்டது என்று அவர் சான்று எழுதவேண்டும். ஆகவே இன்னொருமுறை, உரத்து வாசித்தேன்.

"சரியோ?" என்றார் அதிகாரி.

"சரி," என்றாள். கையெழுத்துப் போட்டாள். "பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரப்போகுது. அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

தண்ணீர் தரட்டுமா என்று கேட்டாள். எங்களிடம் போத்தல் இருக்கிறது என்றோம். படலையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவள் கொடியிலிருந்த சாறத்தையும் சேட்டையும் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் இன்னும் காயவில்லை. அப்படியே சுருட்டி மார்போடு சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள், சட்டை நனைந்தது. விதானையார் எங்களுக்குக் கும்பிடு போட்டார்.

பெட்டிசம் உண்மைக்குப் புறம்பானது என்று அறிக்கை போனது. விதானையாரின் வேலை தப்பியது. மூன்று பிரதி அடித்தேன். அந்த வரியை மூன்றுமுறை அடிக்கவேண்டியதில்லை, கார்பன் பார்த்துக்கொண்டது என்று நான் ஆறுதல்பட்டது நினைவிருக்கிறது.

ஆறுதல் நிலைக்கவில்லை. அந்த வருடங்களில் வெளியே போனவர் வீடு திரும்ப ஒரு மணி பிந்தினால் போதும், வாசலுக்கும் படலைக்குமாய் நடப்போம். எனக்கு அதோடு ஒரு குரலும் கேட்கும். ஹெலி சுற்றும்போது, ஷெல் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு பதுங்குகுழியில் இருக்கும்போது, இவர் சைக்கிளில் மண்ணெண்ணெய்க்குப் போய்ப் பொழுதுபட்டும் வராதபோது, உரத்து, தெளிவாக, சாட்சிக்குக் கேட்கிற மாதிரி என் குரலே வாசிக்கும். காதைப் பொத்தினால் இன்னும் நன்றாகக் கேட்கும். என் மனிசன் இன்றைக்கும் இருக்கிறார், இடியப்பத்துக்குச் சொதி தண்ணீராய்ப்போச்சு என்று காலையிலும் சண்டை பிடித்தார். இருந்தும் அவர் பிந்தினால் நான் இன்னமும் அதைக் கேட்கிறேன். இதை அவருக்குச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார், எனக்கு அழுகை வரும்.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டபோது எங்கள் கந்தோர் இருந்த வீதி இடிந்து எரிந்துபோனது. தீவுச்சனமும் அந்தக் காலத்தில்தான் அள்ளுகொள்ளையாய் இந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடமொன்றில் இருந்த அகதிகளுக்கு நிவாரண அட்டை எழுத என்னையும் கூப்பிட்டார்கள். எழுத்து வேலைக்கு என்னைவிட்டால் ஆள் ஏது! வரிசையில் வந்த ஒரு பெண்ணிடம் பெயர், ஊர் கேட்டு எழுதிவிட்டு, தலை நிமிராமல், "கணவர்?" என்றேன்.

நிமிர்ந்தேன். வெறும் நெற்றி. பக்கத்தில் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை.

"நீங்கள்தானே அண்டைக்கு வந்து வாசிச்சது?" என்றாள். "முகம் பிடிபடேல்லை. குரலிலை பிடிச்சிட்டன். அவர் செத்தது உங்கட குரலிலைதான், தங்கச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிள்ளையைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு மேசையின்மேல் குனிந்தாள்.

"அந்தக் கடதாசி இப்ப எங்கை?"

"கந்தோரோடை எரிஞ்சுபோச்சு, அக்கா."

"முழுக்கவோ?"

"முழுக்க. ஒரு தாள் மிஞ்சேல்லை."

கொழும்புக்குப் போன பிரதியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது அங்கே ஏதோ ஒரு அலுமாரியில் இருக்கட்டும், கறையான் தின்னட்டும். உண்மையை விசாரிக்கிற கந்தோரில் சம்பளம் வாங்கியவள்தான் நான். அன்றைக்கு அப்படிப் பொய் சொன்னதற்கு எனக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை.

"அப்ப இதிலை என்ன எழுதப்போறியள்?" என்று அட்டையைக் காட்டிக் கேட்டாள்.

'கணவர் – வெளியூரில்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் உரத்து வாசித்தேன்.

மறுநாள் காலை மிச்ச அட்டைகளோடு போனபோது அவள் பள்ளிக்கூடக் கிணற்றடியில் நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது. காலடியில் வாளி, கையில் அதே நீலக்கோட்டுச் சாறம். ஓடிவந்தபோது சட்டி பானை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை எடுத்து வந்திருக்கிறாள். நிறம் மங்கியிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு தலைப்பை நீட்டினாள். நான் அட்டைகளைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் பிடித்தேன். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்க, தண்ணீர் இருவர் காலிலும் ஊற்றியது. இருந்த பலமெல்லாம் சேர்த்து நான் இன்னும் முறுக்கினேன்.

"காணும், தங்கச்சி," என்றாள். "ஒட்டப் பிழியாதேங்கோ. ஈரம் இருக்கட்டும். ஈரம் கண்டால்தான் ஆள் இருக்கிறார் எண்டு நம்புவினம்."