நாற்பத்தொன்றாம் கூரை

"தம்பி, அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

செல்வமுருகன் சோலையம்மாளை முதன்முதலில் சந்தித்தது இப்படித்தான். கொடைக்கானல் மலையில், போளூருக்கு மேலே உள்ள ஊர் அது, பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே, சரிவில், தகரம் வேய்ந்த ஒற்றை அறை. அதன் முன்னால் ஒரு கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார். செல்வமுருகன் அந்தப் பக்கத்துக்காரன்தான், அடிவாரத்தில் பிறந்தவன். அதனால் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாதவிலக்கான பெண்கள் வந்து தங்கும் முட்டுவீடு.

அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. செயற்கைக்கோள் எடுத்த படத்தில் கம்ப்யூட்டர் அந்த ஊரின் கூரைகளைக் கண்டுபிடித்து எண் போட்டிருந்தது. ஒவ்வொன்றும் வீடா, கிட்டங்கியா, கொட்டகையா என்று நேரில் பார்த்து அழுத்துவது அவன் வேலை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் தெருவிளக்கும் குழாயும் வரும். மனு, சிபாரிசு எதுவும் தேவையில்லை.

"எங்க ஊரை மேல இருந்து படம் புடிச்சிருக்காமே. இந்தக் குடிசையும் தெரியுதா?"

"தெரியுதுங்கக்கா. நாப்பத்தொண்ணாம் நம்பர்."

சோலையம்மாள் சிரித்தார். "மனு எழுதறது பூராம் ஆம்பளைங்க. இதை எழுத அவுகளுக்கு வெக்கம். மேல இருந்து பாக்குறதுக்கு அந்த வெக்கமெல்லாம் இல்ல போல."

பதினெட்டு வயதில் ராமரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். பூண்டு வயலில் விடியுமுன் இறங்கினால் இருட்டும்வரை குனிந்த முதுகு நிமிராதவர். மாதத்தில் நான்கு நாள் மட்டும் இந்தக் கல். "சும்மா உக்காந்திருக்கதுதான் தம்பி இருக்குறதுலயே பெரிய சோலி" என்றார். இருபத்தேழு வருடக் கணக்கைக் கூட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்திருக்கிறார். தண்ணீர் வேண்டுமென்றால் கீழே ஊற்றுக்கு இறங்க வேண்டும். பொழுது சாய்ந்தால் அங்கே காட்டுமாடு நிற்கும்.

"ஒரு லைட்டு, ஒரு குழாய். எனக்கென்ன, இன்னும் கொஞ்ச காலம். எம்மக சுகன்யா இருக்கால்ல."

"பதிஞ்சுடறேங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஜீப்பில் உடன் வேலை பார்க்கும் பிரின்ஸி காத்திருந்தாள். கொடைக்கானல் டவுனில் கான்வென்டில் படித்தவள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இந்த ஃபார்ட்டி ஒன் என்னப்பா, தனியா கெடக்கு?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், "உங்க ஊர்லயும் இருக்கா?" என்பாள். அடுத்து, "உங்க அம்மாவுமா?" கல்லூரி மூன்று வருடமும் அவன் யாரிடமும் சொல்லாமல் காத்த விஷயம் அது. பட்டியலில் முட்டுவீடு என்று ஒரு வகை இல்லை. 'மற்றவை, விவரம் எழுதுக' என்று கடைசியில் இருந்தது. அவன் விரல் அதற்கு முந்தைய வரியில் அழுத்தியது.

"ஒண்ணுமில்ல. மாட்டுக் கொட்டகை."

பத்து மாதம் கழித்து, போட்ட விளக்கையும் குழாயையும் சரிபார்க்க மறுபடி அந்த ஊருக்குப் போனான். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன. கடைசிக் கம்பமும் கடைசிக் குழாயும் நாற்பதாம் கூரையோடு நின்றுவிட்டிருந்தன.

சோலையம்மாள் தன் வீட்டு வாசலில் ஒற்றைக் கையால் பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. ஊற்றில் காட்டுமாடு சீறியதும் குடத்தோடு சரிவில் உருண்டிருக்கிறார்.

"வாங்க தம்பி. பஞ்சாயத்துல கேட்டேன். கொட்டகைக்கெல்லாம் குழாய் கெடயாதுன்னுட்டாக. மேல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியுமாம். மெசினு மேல கோவப்பட்டு என்ன செய்ய?"

தலையாட்டிவிட்டு ஜீப்புக்குத் திரும்பிவிடலாம். அவர் அவனைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் அவனை நிற்க வைத்தது.

"மெசினு இல்லக்கா. நான்தான் அப்படி அழுத்துனேன்."

அரிவாள் நின்றது.

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

"உங்க ஊருல இது இல்லையா?"

"இருக்குங்க. எங்கம்மாவும் உக்காந்திருக்காங்க."

சோலையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்; அடையாள அட்டையில் கண் கொஞ்சம் நின்றது. "படிச்ச புள்ளைன்னு வாயத் தொறந்து சொன்னேன்" என்றார். பிறகு தாளை அறுத்தபடியே, "எங்க ஊருல மாட்டுக்குக்கூடத் தொட்டியில தண்ணி ஊத்தி வப்போம் தம்பி" என்றார்.

அவன் அங்கேயே நின்று 'மற்றவை' என்பதை அழுத்தி, 'முட்டுவீடு, பெண்கள் தங்குகிறார்கள்' என்று எழுதினான். ஜீப்பில் ஏறியதும் பிரின்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னான், அம்மாவையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. "இதுக்காகவா கொட்டகைன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். அலுவலகத்தில், திருத்தம் அடுத்த சுற்றுப் பட்டியலில்தான் சேரும் என்றார்கள்.

சோலையம்மாளுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கை எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கையால் நிறைகுடம் தூக்க முடியாது. முட்டுவீட்டுக்குப் போகும் நாட்கள் அவருக்கு நின்றுவிட்டன. சுகன்யா போகிறாள். நாற்பத்தொன்றாம் கூரைக்கு இன்னும் குழாய் வரவில்லை.