அப்பா டோல்கேட்டில் இருந்த நாள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை ஏதாவது ஒரு சாலைச் சந்திப்பில் சீருடையோடு நின்றவராகவே நினைவில் வைத்திருப்பீர்கள். அவர் நின்ற இடங்களில் பலவற்றை வீட்டிலிருந்த நாங்கள் அறியோம். நான் செய்தித்தாளில் வேலை பார்க்கிறவள். யார், என்ன, எங்கே என்று கேட்டுச் சரிபார்ப்பதே என் பிழைப்பு. அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'எங்கே' என்பதிலேயே நின்றுவிடுகிறேன்.

அப்பா பிறந்தது இராயபுரம் காவலர் குடியிருப்பில். தாத்தா தலைமைக் காவலர். அவர் வீடு திரும்ப நேரமானால், "ஏட்டையா கோர்ட்டுக்குப் போயிருக்கார்" என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்களாம். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றாலும் கோர்ட்டுதான், மீன் ஏலத்தில் வெட்டுக்குத்து என்றாலும் கோர்ட்டுதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த கோர்ட்டு நடந்திருக்கிறது.

அந்த வீட்டில் வளர்ந்த அப்பா, மாநகராட்சிப் பள்ளியில் படித்து, காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றார். தாத்தாவுக்கு கோர்ட்டு என்றால் அப்பாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் போகும் வழியில் உள்ள டோல்கேட் பேருந்து நிறுத்தம். அம்மா எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்தான்: "டோல்கேட்லதான் கீறேன். டீ குடிச்சிகினு கீறேன்."

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகே இரு தரப்பார் மோதிக்கொண்ட அன்றும் அதையே சொன்னார். மாலையில் சட்டைப்பை கிழிந்து தொங்க வந்து நின்றார்.

"இன்னாங்க, டீக்கடையில சட்டையக் கூடவா கிழிக்கிறானுங்க?" என்று கேட்டார் அம்மா.

"கூட்டம் ஜாஸ்தி. டீ நல்லா இருந்தா அப்டித்தான்."

மணலியில் டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்து, தெருவில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அப்பா ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபடியே அம்மா போன் செய்தார். டோல்கேட் என்றே பதில் வந்தது. "சரி, சக்கரை கம்மியா போடச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

டோல்கேட் என்றால் அவர் டோல்கேட்டில் இல்லை, ஆனால் போனை எடுத்துப் பேசும் நிலையில் இருக்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

எந்தத் தீபாவளிக் காலையிலும் அப்பா வீட்டில் இருந்ததில்லை. என் திருமணத்தன்று தாலி கட்டும் நேரத்துக்கு வந்தார், பந்தி தொடங்கும் முன் பந்தோபஸ்துக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தம்பி காவல்துறையில் சேரப்போவதாகச் சொன்னபோது அவர் தடுக்கவில்லை, மகிழ்ந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. "வூட்ல சொல்றதுக்கு ஒரு எடம் பாத்து வெச்சிக்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஓய்வுக்குப் பின் திருவொற்றியூரில் சொந்த வீட்டில் இருந்தார். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, மூக்குக்கண்ணாடியின் உடைந்த கம்பியை மாற்ற தண்டையார்பேட்டைக்குப் புறப்பட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு போன் வந்தது.

"டோல்கேட்ல கீறேன். மார்ல ஒரு மாதிரி கீது. புள்ளைய அனுப்பு."

அம்மா உடனே தம்பியை அழைத்தார். "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்டா. எப்பவும் போல டோல்கேட்டுங்கறாரு, எங்க கீறாருன்னு சொல்ல மாட்டேங்கறாரு" என்றார். தம்பி ஒரு மருத்துவமனைக்கு ஓடினான். நான் அப்பா கடைசியாகப் பணிபுரிந்த காவல் நிலையத்துக்குப் பேசினேன். அம்மா தெருமுனையில் போய் நின்றார். அப்பா சொன்ன இடத்துக்கு மட்டும் எங்களில் ஒருவரும் போகவில்லை.

பிறகு அப்பாவின் எண்ணிலிருந்து வேறொருவர் பேசினார். "அம்மா, டீக்கட பாய் பேசறேன். சார் நெசமாவே டோல்கேட்லதாம்மா கீறாரு. ஆட்டோல ஏத்திட்டோம், ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

மறுநாள் காலை அப்பா காலமானார். நாங்கள் நேராக டோல்கேட்டுக்கே போயிருந்தாலும் அந்த ஆட்டோவை விடச் சீக்கிரம் கொண்டு வந்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அம்மாவின் மனதை அரித்தது அது இல்லை. காரியத்துக்கு வந்த பாயிடம்தான் தன் மனதில் இருந்ததைக் கேட்டார்.

"ரோட்டையே பாத்துகினு இருந்தாரா பாய்? இவங்க ஏன் இன்னும் வரலன்னு நெனச்சாரா?"

பாய் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "இல்லம்மா. உங்ககிட்ட பேசிட்டு சிரிச்சாரு. 'பாய், இப்போ என்னை ஊரெல்லாம் தேடுவாங்க, டோல்கேட்டுக்கு மட்டும் வரமாட்டாங்க. நீ சொல்லு, உன்ன நம்புவாங்க'ன்னு போனை என் கைல குடுத்தாரு."

"டீ குடிச்சாரா?"

"பாதி குடிச்சாரு. இத்தினி வருஷத்துல சார் நம்ம கடையில வந்து ஒக்காந்தது அன்னிக்குத்தாம்மா."

அம்மா திகைத்துப்போனார். அப்பா டோல்கேட்டில் இல்லை என்பது அவருக்கு எப்போதும் தெரியும். ஆனால் அங்கே அப்பா வழக்கமாகப் போகும் டீக்கடை ஒன்று உண்டு என்று நம்பியிருந்தார். "அப்போ இத்தினி நாளா எந்தக் கடையிலதான்டா டீ குடிச்சாரு?" என்று தம்பியைக் கேட்டார்.

ஆட்டோ ஓட்டியவரிடம் நான் தனியே விசாரித்தேன். வண்டியில் அப்பா பேசவே இல்லை, சிரித்ததையும் தான் பார்க்கவில்லை என்றார். ஆக, பாய் சொன்னதற்கு வேறு சாட்சி கிடையாது. அம்மாவின் முகத்தைப் பார்த்து ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. இதை ஒரு நிருபர் செய்தியாகக் கொண்டுவந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா நம்புகிறார்.

எனக்குக் குழப்பம் தீரவில்லை. நாங்கள் நம்பவில்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் ஏன் அத்தனை வருடம் அதையே சொன்னார்? நம்பாத அம்மா ஏன் திரும்பத் திரும்ப போன் செய்து அதையே கேட்டார்? உண்மையாகவே அங்கே இருந்த அன்று, "நெசமா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல அப்பாவுக்கு ஏன் தோன்றவில்லை? இப்போது தம்பி பணியிலிருந்து பேசும்போது, எண்ணூரில் மீன் வாங்குவதாகச் சொல்கிறான். "நெசமாவா?" என்று அம்மா இரண்டு முறை கேட்கிறார்.

அப்பாவின் இறுதிக் காரியங்களில் உடன் நின்ற உறவினர்களுக்கும், தோள் கொடுத்த காவல்துறை நண்பர்களுக்கும், எங்கள் தெருவில் உள்ளவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. டீக்கடை பாய்க்கும் ஆட்டோ ஓட்டியவருக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். அப்பா சொன்ன இடத்திலேயே இருந்த ஒரே நாளில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள்தாம்.